பச்சை லைட் மட்டுமே எரிஞ்ச டெமோ

நனைஞ்ச சாக்கும் பச்சைக் கொழுந்தும் கலந்த ஒரு வாசம்... பலாங்கொடைக்கு மேல எங்க தோட்டத்துல, கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தூக்கலா அடிக்கும். அன்னைக்கு அந்த வாசமே பிடிக்கல. அவ்வளவு பயம்!

அப்போ நான் யுனிவர்சிட்டி லேப்ல ரிசர்ச் அசிஸ்டன்ட். கொழும்பு சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்னும் எங்க லேபும் சேர்ந்து ஒரு மெசின் செஞ்சிருந்தோம். கேமரா கொழுந்தைப் பார்க்கும். நல்ல கொழுந்துன்னா பச்சை லைட். முத்தல் இலை கலந்திருந்தா சிவப்பு.

டெமோ பார்க்க கம்பெனி டைரக்டரே வந்துட்டார். அவருக்குப் பிடிச்சா ப்ராஜெக்ட் தொடரும், எனக்கும் வேலை நிக்கும். இல்லைன்னா ரெண்டும் அன்னைக்கே முடிஞ்சுது. லேப் ஆளுங்க யாரும் கொழுந்தைத் தொடக்கூடாதுன்னு கண்டிஷன் வேற.

முதல் சாக்கு... பச்சை. கை தட்டுனோம்.
அடுத்தது பச்சை.
அதுக்கடுத்ததும் பச்சை...

டைரக்டர் முகம் மாறிப்போச்சு. "மெசின் ஹிரவெலாத?"ன்னு எங்க ப்ரொஃபசர்கிட்ட சிங்களத்துல கேட்டார். சிக்கிக்கிச்சான்னு அர்த்தம். ப்ரொஃபசர் என்னைப் பார்த்தார். லென்ஸைத் துடைச்சேன், ரீஸ்டார்ட் பண்ணேன்... மறுபடியும் பச்சை!

அப்புறம்தான் உறைச்சுது. வெளியாளு வர்றாங்கன்னா எங்க ஆளுங்க குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கே சுண்ணாம்பு அடிப்பாங்க. கொழுந்தை மட்டும் விடுவாங்களா? நம்ம புள்ள மானம் போகக்கூடாதுன்னு ஒரு முத்தல் இலை இல்லாம பொறுக்கிக் கொண்டு வந்திருக்காங்க.

வரிசையில எங்க சித்தி நின்னாங்க. கிட்டப் போய்,
"சித்தி, கொஞ்சம் முத்தல் இலை போடுங்க..."
"ஏம் புள்ள, கொழும்புத் தொரை நிக்கிறாரு. என்னையப் பத்தி என்னா நெனப்பாரு?"
"இல்லாட்டி என் வேலை போயிரும் சித்தி."

சித்தி மடுவத்துக்குப் பக்கத்துத் தேயிலைச் செடியில காம்போட ஒரு கை முத்தல் இலையை ஒடிச்சு, எல்லாரும் பார்க்க தன் கொழுந்து மேல போட்டாங்க. "ஏய், என்னா செய்ற!"ன்னு கங்காணி கத்துனார். சித்தி திரும்பல.

சிவப்பு!

டைரக்டர் சிரிச்சுட்டார். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சித்தி மட்டும் தலை நிமிரவே இல்ல... அது இன்னும் என்னைக் குத்துது.

இப்போ நான் அதே கம்பெனியில, கொழும்புல, ஏசி ரூம்ல. எங்க தோட்டத்துல அந்த மெசின் டெய்லி ஓடுது. முந்தி முத்தல் இலை கலந்தா கங்காணி நாலு வார்த்தை ஏசிட்டு விட்டுருவார். இப்போ சிவப்பு விழுந்தா ஆபிஸுக்குக் கூப்பிடுறாங்க.

போன கிழமை சித்தி போன் பண்ணாங்க.
"பாப்பா, விடாத மழ. மல ஏற முடியாம கொழுந்தெல்லாம் முத்திப்போச்சு. ஒன் மெசின்கிட்ட கொஞ்சம் சொல்லேன்..."

கங்காணியா இருந்தா நானே போய்க் கெஞ்சியிருப்பேன். இதுகிட்ட என்னத்தைச் சொல்ல?