ஒரு சாண் கடல்

கடலையே பார்க்காமல் கடலைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன முட்டாள் நான். அப்போது எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், கடத்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கொல்லைக் கிணறுதான். அதிலும் எனக்கு நீச்சல் வராது.

என் அக்காவைக் கட்டிய மாமா கேழ்வரகு விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளை. யுத்த காலத்தில் கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. தண்ணீருக்குள் கோடு போட்ட கம்பம் ஒன்று நட்டிருக்கும். கடல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தினமும் பார்த்துத் துறைமுகத்து வெள்ளைக்கார துரைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாமா கடல் மேய்க்கப் போயிருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது நான்தான். வேலை நிரந்தரமானால் தை பிறந்ததும் அக்காவை அழைத்துப்போவதாகப் பேச்சு. அவள் ஆவணியிலேயே புடவைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். அடுக்கியதைத் தினமும் கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

தீபாவளிக்கு வந்த மாமாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். இலையில் போட்ட இட்லி ஆறியது. கடல் தினமும் பொங்குவதும் வற்றுவதும் அவருக்குப் பழகியிருந்தது. இது வேறு. புரட்டாசி கழிந்து காற்றுத் திரும்பியதிலிருந்து, பொங்கினாலும் வற்றினாலும் தண்ணீர் முன்பைவிட உயரத்திலேயே நின்றதாம்.

"மழையே இன்னும் சரியாப் புடிக்கல மாப்ள. தண்ணி மட்டும் ஒரு சாண் மேல நிக்குது. தூங்கிக்கிட்டே எழுதுனியான்னு தொரை கேட்டா நான் என்ன சொல்றது?"

எங்கள் கிணற்று ஏற்றத்தின் கால் புரட்டாசி மழையில்தான் சேற்றில் ஒரு சாண் இறங்கியிருந்தது. அதைத் தூக்கி நட்டு, கல் கொடுத்து இறுக்கிய வலி இன்னும் என் தோளில் இருந்தது. போதாதா? கடல் ஏறவில்லை, கம்பம்தான் இறங்கியிருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். ஏற்றத்தில் தண்ணீர் இறைத்து வளர்ந்தவருக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டிருக்கும்! நின்று என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டார்.

திரும்பிப் போனவர் படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கம்பத்தை ஒரு சாண் தூக்கி நட்டுவிட்டார். கணக்குப் பழையபடி ஆனது; நிம்மதியாகத் தூங்கினார். தையில் வாடைக்காற்று ஓய ஓய, தண்ணீர் தானாகவே கீழே போனது. கம்பத்தில் அது வரவேண்டிய கோட்டுக்கும் கீழே போய் நின்றது. கம்பம் இறங்கவே இல்லை என்று புரிந்ததும் மாமா தானே துரையிடம் போய் நடந்ததைச் சொன்னார். துரை முதலில் சிரித்தாராம். வடகிழக்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் இந்தக் கரையோரம் ஒதுங்கி உயர்ந்து நிற்கும். ஆடியில் தென்மேற்குக் காற்று அதைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டு போகும். வருஷா வருஷம் நடப்பது இது, இதை அறியத்தான் கம்பமே நட்டிருக்கிறது என்றாராம். அந்த வருஷத்துக் கணக்கு முழுக்கப் பாழ். சிரித்து முடித்ததும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அக்கா பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அவள் கடைசிவரை கடலைப் பார்க்கவில்லை.

மாமா மறுபடியும் ஏர் பிடித்தார். ஆனால் காற்று மாறினால் அவருக்கு நிலைகொள்ளாது. ஆடிக்காற்று கூரை ஓலையைப் பிய்க்கும்போது ஊரே ஓலையைத் துரத்தும். இவர் வரப்பில் ஏறிக் கிழக்கே பார்த்து, "இந்நேரம் அங்க தண்ணி எறங்கியிருக்கும்" என்பார். என்னை ஒரு சொல் வைததில்லை. அதுதான் என்னைத் தின்றது. அவர் முன்னால் வேடிக்கை பேசுவதையே விட்டுவிட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த வரப்பிலேயே கேட்டுவிட்டேன்.

"மாமா, ஒரே ஒரு தடவ என்னத் திட்டிருங்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சொன்னது நீ, தூக்குனது நானு."