நாற்பது மாமரம் நீளக் கப்பல்

மகள் வேலை பார்க்கும் கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பினேன். வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடி வேறு போட்டிருந்தேன்.

இன்ஜின் பிரிவில் வேலை கிடைத்து அவள் கப்பலேறியது அதுதான் முதல்முறை. கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை என் போனில் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். கடலில் ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தொட்டால் கப்பலின் ஜாதகமே விரியும். நீளம் நானூறு மீட்டர், அகலம் அறுபத்தொன்று, தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம் பதின்மூன்று.

நானூறு மீட்டர் என்றால் எவ்வளவு? முதலமடையில் எங்கள் தோப்பில் பத்து மீட்டருக்கு ஒரு மாமரம். எண்ணிக்கொண்டே நடந்தேன். நாற்பதாவது மரத்தடியில் நின்று திரும்பினால், முதல் மரத்தில் கட்டியிருந்த எருமை ஆட்டுக்குட்டியாகத் தெரிந்தது. அகலத்துக்கு ஆறு வரிசை. அத்தனையும் இரும்பு, அத்தனையும் மிதக்கிறது! அதன் வயிற்றுக்குள் எங்கோ என் மகள், கையில் ஸ்பேனரோடு. நான் பேசாமல் நின்றதைத்தான் என் மனைவி இன்றும் அதிசயமாகச் சொல்கிறாள்.

மூன்று எண்களையும் மனப்பாடம் செய்து, மாங்காய் மண்டியில் கேட்காதவர்களுக்கும் ஒப்பித்தேன்.

ஒரு நாள் தோப்பில் லாரிக்கு மாங்காய்ப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது போனைப் பார்த்தேன். கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டிருந்தது. நீளம் அதே. அகலம் அதே. ஆழம் மட்டும் பதினாறு! மகளுக்குச் செய்திமேல் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

"ஏ புள்ள, கப்பல் முழுகுது!"

மனைவி ஓடி வந்தாள். "ஏனுங்க, ஆரு சொன்னா?"

"போனே சொல்லுது. மூணு மீட்டர் உள்ள போயிருச்சு."

"அவளுக்குத்தான் நீச்சல் தெரியுங்களே..."

"வாய்க்கால்ல பழகுன நீச்சலு கடலுக்குப் பத்துமா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லாரி டிரைவர் மட்டும் அசையவில்லை.

"அண்ணா, போனை வெச்சுட்டு நம்ம வண்டியப் பாருங்க. காத்தால வந்ததுக்கு நாலு வெரக்கடை எறங்கி நிக்குது. இதுவும் முழுகுதுங்களா?"

பார்த்தேன். முப்பது வருடமாக லாரிக்கு மாங்காய் ஏற்றிவிடுகிறவன் நான். கொஞ்சம் மாங்காய்க்கு இது நாலு விரல் இறங்குகிறது. நாற்பது மரம் நீளமுள்ள ஒன்றை மூன்று மீட்டர் அமுக்க எத்தனை லாரிப் பாரம் வேண்டும்! பயத்துக்கு நடுவிலும் வாயைப் பிளந்தேன். ஆனாலும் மதியம் வரை எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு மகள் கூப்பிட்டாள். "டூட்டில இருந்தேம்பா. எதுக்கு இத்தன மெசேஜு?"

கொழும்பில் சரக்கு ஏற்றியிருந்தார்கள். அதனால் கப்பல் மூன்று மீட்டர் இறங்கியிருந்தது.