எட்டுக் கணினிகளும் ஒரு புகாரும்

எழுமலைக்காரி தாமரைச்செல்வி யாரையும் லேசில் நம்பமாட்டாள். மதுரையில் பசுமலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவளுக்கு வேலை. 2003-இல் அவளும் உடன் வேலைபார்த்த ராகேஷும் எட்டுப் பழைய கணினிகளை ஒன்றாக இணைத்தார்கள். வட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தை எட்டும் பங்குபோட்டு, ஒரே நேரத்தில் கூட்டிச் சொல்லவேண்டும். நிரல் எழுதியது அவள். கணினிகளைப் பார்த்துக்கொண்டது ராகேஷ்.

ஒரே நிரல்தான், ஆனால் ஓட்டும்போதெல்லாம் விடை மாறியது.

யாரோ கைவைக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. ராகேஷ் செல்போனில் தன் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசுவான். அவள் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்துவான். போதாதா? கடவுச்சொல்லை மாற்றினாள். விடை அப்போதும் மாறியது. நேரே துறைத்தலைவர் வெள்ளைத்துரையிடம் போனாள்.

"சார், எனக்கு ராகேஷ் மேலதான் சந்தேகமா இருக்கு. என்னப் பாத்ததும் போன்ல குரலத் தாழ்த்துறாரு."

அன்றே ராகேஷிடமிருந்து கணினி அறைச் சாவி வாங்கப்பட்டது. மறுநாள் பூட்டிய அறையில் தனியாக ஓட்டினாள். விடை மறுபடியும் மாறியது. உள்ளே எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான், கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று கறுவினாள்.

ஒவ்வொரு கணினியும் எந்த நொடியில் என்ன செய்கிறது என்பதைத் திரையில் வரைந்துகாட்ட ஒரு நிரல் எழுதினாள். கணினிக்கு ஒரு கோடு. வேலை செய்தால் பச்சை, காத்திருந்தால் சிவப்பு, மொத்தத் தொகையைத் தொட்டால் கறுப்புப் புள்ளி.

படத்தில் வேற்றாள் யாருமில்லை. மூன்றாம் கோட்டிலும் ஆறாம் கோட்டிலும் ஒரே நொடியில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. இரண்டும் ஒரே பழைய தொகையை எடுத்து, தத்தம் பங்கைக் கூட்டி, திருப்பி எழுதியிருந்தன. பிந்தி எழுதியது முந்தியதை அழித்துவிட்டது. ஒன்று எழுதும்போது மற்றவை காத்திருக்கவேண்டும் என்ற வரியை அவள்தான் எழுதாமல் விட்டிருந்தாள்.

வெள்ளைத்துரையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, கேண்டீனில் ராகேஷைப் பிடித்தாள்.

"தப்பு என்னோடது ராகேஷ். சார்கிட்ட உங்களப் பத்திச் சொன்னதும் நான்தான்."

"தெரியும். வீட்டு விசயத்த மெதுவாப் பேசுனா அம்புட்டுச் சந்தேகமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சாவி அவன் கைக்குத் திரும்பியது. விடுபட்ட வரியைச் சேர்த்தபின் இருபது தடவை அவனையே ஓட்டச் சொன்னாள், விடை மாறவில்லை. அதுவரை 'தாமரை' என்று கூப்பிட்டவன், வேலையை விட்டுப்போகும்வரை அவளை 'மேடம்' என்றே கூப்பிட்டான்.