வைக்கோல் கொட்டகைக்குள் நான்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பேத்தி தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். அந்தத் தலையும் இந்தக் கதையில் வருகிறது, மொட்டையாக. வீடியோ கடையில் வேலை பார்ப்பவனுக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு: பார்த்து முடித்த கேசட்டை முதலுக்குத் திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் மறுவேலை. அதை ஊருக்கெல்லாம் ஓதியவன் நான். ஒரே ஒரு நாள் மறந்தவனும் நான். மகன் வீட்டு சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு, ரிமோட் எப்போது நம் கைக்கு வரும் என்று காத்திருக்கும் என் சக கைதிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜாமீனில் வந்த கதை

தொண்ணூறுகளின் கடைசி. டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் மகன் வீடு. அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மருமகள் சுமதி டாக்டர். டாக்டர் கிடைக்காத கிராமத்தில் சில வருஷம் வேலை பார்த்தால் க்ரீன் கார்டு சுலபம் என்று, தினமும் ஒரு மணி நேரம் கார் ஓட்டி, பருத்திக் காட்டுக்கு நடுவிலிருந்த ஒரு ஊர் க்ளினிக்குக்குப் போய்வந்தாள். வீட்டில் சுவரைப் பார்த்து நான் பேச ஆரம்பித்ததும், "மாமா, என்கூட வாங்க. க்ளினிக்குக்கு எதிரே வீடியோ கடையில ஆள் கேக்கறாங்க" என்றாள். மெட்ராஸில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்குக் கேசட் அடுக்குவது ஒரு வேலையா? சுவாமிநாதன் ஒரே நாளில் 'சாம்' ஆனேன். கவுண்டருக்கு மேலே ஒரு டி.வி. அதன் ரிமோட் என் சட்டைப் பையில். ஜாமீனில் வந்தவன்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

முதல் வாடிக்கையாளர் வால்டர். மாட்டுப் பண்ணைக்காரர், வயதில் எனக்கு அண்ணன். எடுத்த கேசட்டை ஆகஸ்ட் மாச வெயிலில் லாரி முகப்பில் போட்டுவிட்டு மாடு பார்க்கப் போய்விடுவார். கேசட் உருகி அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அப்படி உருகிய ஒரு சண்டைப் படத்தில் கதாநாயகனின் குரல் பாதிக்கு மேல் பெண் குரலாகிவிட்டது. மூக்குகூட ஒரு அங்குலம் நீண்டிருந்தது, நானே பார்த்தேன். இவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன். கேசட்டைத் திருப்பிக் கொடுத்த வால்டர் சொன்னார்: "அந்தப் பையன் ஏன் நடுவிலேர்ந்து பொம்பளையாப் பேசினான்னு எனக்குப் புரியலை, சாம். ஆனா என்ன நடிப்பு!"

பியானோவுக்குள் பூட்ஸ்

கடை முதலாளி டோரத்தி. எழுபது வயது, ஒல்லி, சிரிப்பதற்குக் கஞ்சத்தனம். ஒருநாள் புதுக் கேசட் ஒன்று கொண்டுவந்தாள். நியூயார்க்கிலிருந்து ஒரு பியானோ ரிப்பேர்க்காரன் கிராமத்து சர்ச் பியானோவைச் சரிசெய்ய வருகிறான். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பூட்ஸ். பூட்ஸுக்குள் கால். காலுக்குச் சொந்தக்காரனைக் காணோம். ஊரே அவனைத் தேடி வந்து, ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரம் சுட்டுக் கொடுத்து, "எப்போ ஊருக்குக் கிளம்பறே?" என்று அன்பாக விசாரிக்கிறது. மறுநாள் இன்னொரு பிணம். மறுபடியும் ஆப்பிள் பை.

கடையில் பாதிப் படம் பார்த்ததற்கே எனக்கு வயிறு வலித்துவிட்டது. சிரிப்பில் பாதி, பயத்தில் பாதி. நான் அந்த ஊருக்கு வந்த முதல் வாரம் ஆறு பேர் எனக்கு ஆப்பிள் பை கொடுத்து அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். மீதியை வீட்டில் பார்க்கிறேன் என்று சனிக்கிழமைக்குக் கேசட்டைக் கேட்டேன். டோரத்தி என் கையில் வைத்துவிட்டு, விரலை மட்டும் அதன்மேல் இருந்து எடுக்காமல் சொன்னாள்: "இருக்கறது ஒரே காப்பி, சாம். திங்கக்கிழமை இது எப்படிப் போச்சோ அப்படியே வரணும். வரலைன்னா, நீயும் வர வேண்டாம்."

ஒரு துண்டு ஸ்காட்ச் டேப்

அமெரிக்காவுக்கு வந்த நம்மவர்கள் யாரும் காலி கேசட்டைக் கடையில் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. கார் கம்பெனிக்காரனும் கட்டில் கம்பெனிக்காரனும் விளம்பரப் படம் போட்டு இலவசமாகக் கேசட் அனுப்புவான். அதன்மேல் யாரும் பதிவு செய்யாதபடி, சினிமாக் கேசட்டில் இருப்பதுபோலவே, ஓரத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையில் ஒரு துண்டு ஸ்காட்ச் டேப்பை ஒட்டினால் போதும், கேசட் நம்முடையது. எங்கள் வீட்டில் இது என் இலாகா.

அந்தச் சனிக்கிழமை படம் உச்சத்தில் இருந்தது. பியானோக்காரன் ஒரு வைக்கோல் கொட்டகையை நோக்கி நடக்கிறான், கதவிடுக்கில் வெளிச்சம், கையைக் கதவில் வைக்கிறான். "மாமா, டிஃபன்!" என்றாள் சுமதி. கேசட்டை அப்படியே வெளியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். சாப்பிட்டு வந்ததும் மகன், பேத்தி ஸ்ருதியின் காதுகுத்து வீடியோவை இரண்டு காப்பி எடுக்கச் சொன்னான். ஒன்று கோயமுத்தூரில் இருக்கிற சுமதியின் அண்ணனுக்கு, ஒன்று வீட்டுக்கு. மேஜையில் கிடந்த குவியலிலிருந்து இரண்டு கேசட்டை உருவினேன். கண்ணாடி சமையலறையில். ஓட்டை இருக்கிற இடம் விரலுக்கே தெரியும். இரண்டிலும் ஒட்டினேன், பதிவு செய்தேன். திங்கள் காலை கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக் கேசட்டைத் தேடிப் பெட்டியில் போட்டு, கடைக்குப் போய் ஒழுங்காக ரீவைண்ட் செய்து அடுக்கில் வைத்தேன். அதன் ஓரத்தில் ஸ்காட்ச் டேப் மினுங்கியதை நான் பார்க்கவில்லை. ஆனால் சனிக்கிழமையே, நான் டேப் ஒட்டுவதைப் பார்த்துச் சுமதி சொன்னாள்: "ஒரு பிளாங்க் டேப் வாங்கினா நம்ம சொத்தா அழிஞ்சுடும், மாமா? என்னிக்காவது எதையாவது அழிச்சு வைக்கப்போறீங்க."

வால்டர் தொப்பியைக் கழற்றினார்

முதலில் எடுத்துப்போனவர் வால்டர். மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். தொப்பி கையில். சர்ச்சில்கூட அவர் தொப்பியைக் கழற்றியதில்லை என்று கேள்வி. என் முகத்தையே பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு மாட்டுத் தீவனக் கடை ரசீதை எடுத்து, பின்பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார்.

எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வயதில் முதல் தடவையாக ஒருவர் கையெழுத்துக் கேட்கும்போது காரணமா கேட்பார்கள்? தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று போட்டுக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி, கதவுவரை பின்பக்கமாகவே நடந்துபோய்ச் சொன்னார்: "இத்தனை நாளா எங்களுக்கு நடுவுலதான் இருந்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லலை. பெரிய ஆள் சாம் நீ."

கதவு திறந்தது

ஒரு வாரத்தில் அந்தக் கேசட்டுக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். ஊரின் ஜனத்தொகையே அதற்குமேல் அதிகமில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு மத்தியானம் கேசட் கைக்கு வந்த சமயம், டோரத்தி இல்லாத நேரமாகப் பார்த்து, கவுண்டர் டி.வி.யில் போட்டேன். பியானோக்காரன் நடக்கிறான். கதவில் கை வைக்கிறான். கதவு திறக்கிறது.

உள்ளே என் மகன் வீட்டில் கார் நிறுத்தும் கராஜ். அன்று மழை என்பதால் விசேஷத்தை கராஜில் வைத்திருந்தோம். இரண்டு குத்துவிளக்கு. நடுவில் மொட்டைத் தலையில் மஞ்சளாகச் சந்தனம் பூசிய குழந்தை, கேமரா அதிர அலறுகிறது. அதை மடியில் இறுக்கிப் பிடித்திருப்பவன் வெற்று மார்பும் திருநீறுமாக நான். தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும், அவனுக்கு விசா கிடைக்கவில்லை, அதனால் என் மடி. மொட்டை போட்டவனும் நானே. பக்கத்துத் தாம்பாளத்தில் சவரக்கத்தி. எதிரே பட்டுப்புடவை, முகத்தில் மாஸ்க், கையில் உறை, விரலிடுக்கில் ஊசியுடன் சுமதி. ஆசாரி கிடைக்காத ஊரில் டாக்டர்தானே குத்த வேண்டும்? சுற்றி நிற்பவர்கள் கைதட்டி அட்சதை போடுகிறார்கள். ஊசி காதருகே போகிறது. நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே உடம்பு சில்லிட்டது. அத்துடன் திரை கறுப்பு.

இது டோரத்திக்குத் தெரிந்தால் வேலை போச்சு. வேலை போனால் சோபா நுனி. கேசட்டை எரித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் சர்ச்சில் பாடுகிற ஒரு அம்மாள், தன் முறைக்காக வந்து கையை நீட்டினாள். அவளுக்கு இது இரண்டாம் தடவை. முதல் தடவை கண்டுபிடித்ததை என் காதருகே குனிந்து சொன்னாள்: "மன்னிச்சுக்கோ சாம், தலைவி அந்த முகமூடிக்காரிதான். நீ வெறும் எடுபிடி."

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து

அவள் திருப்பிக் கொடுத்த அன்றே எர்ல் வந்தான். அந்த ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் உதவியாளன். ஆறரை அடி உயரம், மெதுவான பேச்சு. டோரத்தி உள்ளே ரசமில்லாத முகத்துடன் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எர்ல் கேசட்டைப் போட்டான், என் சிரிப்பில் கொண்டுவந்து நிறுத்தினான். "இது யாரு?"

"நான்தான்." இனி வண்டியை நிறுத்த முடியாது. "மெட்ராஸில் பெரிய நடிகன். வில்லன் வேஷம். இந்தப் படத்துக்காகத்தான் என்னைப் பிளேனில் வரவழைத்தார்கள்." பெட்டிகளைத் துடைப்பதை டோரத்தி நிறுத்திவிட்டாள்.

"அந்தக் குழந்தை இப்போ எங்கே?"

"அதுவும் நடிகைதான். வேறே படத்தில் பிஸி."

"முகமூடி போட்ட பெண்?"

வாயைத் திறந்தேன். அதே நேரம் கடைக் கதவும் திறந்தது. அன்று டேகேர் லீவு என்பதால் சுமதி ஸ்ருதியைக் கூட்டிக்கொண்டு எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். க்ளினிக் மாஸ்க் கழுத்தில் தொங்கியது. மூன்று வயது ஸ்ருதி, ஒரு அங்குல முடியும் பளபளக்கும் தோடுமாக, டி.வி.யைப் பார்த்ததும் துள்ளினாள். "தாத்தா, தட்ஸ் மீ! யூ கட் மை ஹேர்!"

"மாமா," என்றாள் சுமதி மெதுவாக, "நம்ம கராஜ் இங்க எப்படி வந்தது?"

பிறகு அவளே எர்லுக்கு எல்லாம் விளக்கினாள். மொட்டை எதற்கு, மடி எதற்கு, அட்சதை எதற்கு. அவன் குனிந்து ஸ்ருதியின் இரண்டு காதையும் கவனமாகப் பார்த்தான். அவளும் பதிலுக்கு அவன் பேட்ஜைப் பிடித்து இழுத்தாள். நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: "என் பொண்ணுக்கு மால்ல காது குத்தினப்போ இதைவிட அதிகமாக் கத்தினா, டாக்டர். ஆனா அங்க யாரும் கைதட்டலை."

தீர்ப்பு

எர்லும் சுமதியும் போனபின் டோரத்தி கதவைத் தாழிட்டாள். "உட்கார், சாம்." எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இலவசக் கேசட், ஸ்காட்ச் டேப், சமையலறையில் விட்ட கண்ணாடி. அசையாமல் கேட்டாள். படத்தைப் பாதியில் நிறுத்தி, சுற்றாமல் மேஜையில் வைத்தேன் என்றபோதுதான் முகம் சிவந்தது. "ரீவைண்ட் பண்ணலையா? நீயா?" ரிமோட்டைப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அதைவிடக் கனமான பொருளை நான் தூக்கியதில்லை.

அவள் சொன்னாள், ஒரிஜினல் முடிவோடு பக்கத்து ஊர்க் கடையில் இந்தப் படம் தூசி படிந்து கிடக்கிறதாம். ஒருமுறை பார்த்தவர் யாரும் மறுமுறை எடுப்பதில்லை. இங்கே நாற்பது பேர். எர்லை வழியனுப்பும்போதே அவனிடமும் பேசிவிட்டாளாம், அவன் மூச்சு விடமாட்டான். கேசட்டும் இருக்கும், நானும் இருக்கலாம், ஊருக்கு நான் மெட்ராஸ் வில்லனாகவே இருக்கலாம். ரிமோட்டை என் பக்கம் தள்ளினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், "சரி, பியானோவில் அந்தக் காலை வைத்தது உண்மையில் யார்?" என்று கேட்டேன். அந்த ஊரில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்: "அதைத் தெரிஞ்சுக்காமலே நீ சாகணும். பக்கத்து ஊர்க் கடைப் பக்கமே போகக் கூடாது. அதுதான் உனக்குத் தண்டனை."

இன்றைக்கும் வால்டர் வீட்டுச் சுவரில் என் கையெழுத்து கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது, ஆகவே உங்களில் யாராவது அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருந்தால் கொலைகாரன் பெயரை என் காதில் மட்டும் போடுங்கள், இந்தக் கதையை உங்களுக்குச் சொன்னது யார் என்பதை மட்டும் யார் காதிலும் போட்டுவிடாதீர்கள்.