மூன்று மிஸ்ஸி வேண்டும்

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன நல்லது செய்தாலும் மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கைதட்டி அனுப்பிவிடுவார்கள். அதோடு ஊரின் கடமை முடிந்தது. ஆறாம் ஆண்டுச் சோதனையில் நன்றாகத் தேறிய பிள்ளைக்கும் பொன்னாடை, கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவருக்கும் பொன்னாடை. எனக்கு ஒன்பது வயதானபோது அந்தப் பொன்னாடை என் அம்மாவைத் தேடி வந்தது.

அம்மா மிஸ்ஸி. எங்கள் பக்கம் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம். செடெனாக்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய அரசாங்கக் கிளினிக்கில் வேலை. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, சர்க்கரை நோய்க்காரர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுவது என்று அங்கே மூன்று மிஸ்ஸிகளுக்கு வேலை இருந்தது. முதலில் ஒரு மலாய்க்கார அக்கா சவூதிக்குப் போனார். அவர் வேலையும் மற்ற இருவர் தலையில் விழுந்தது. அந்தச் சுமை தாங்காமல் அடுத்த வருடம் இன்னொருவர் சிங்கப்பூருக்குப் போனார். அவர் வேறு யாருமல்ல, அம்மாவின் சொந்தத் தங்கை, என் சின்னம்மா. ஆள் வரும், ஆள் வரும் என்றார்கள். வந்தது ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று மலாய் மொழியில் எழுதிய ஒரு பேனர்தான். அம்மா அதைச் சாரல் அடிக்கும் சன்னலுக்கு மறைப்பாகக் கட்டிவிட்டார்.

தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும், போனால் வரிசை அப்படியே நிற்கும் என்று அம்மா பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்கமாட்டார். அதனால் சிறுநீரில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வரும். காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். எனக்கு அந்தக் கிளினிக்கைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். என் அம்மாவை ஊரே பிய்த்துத் தின்கிறது என்று தோன்றும்.

அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டினார். அவருக்கும் அதே கோபம்தான்.

“பேசாம உன் தங்கச்சி பின்னாலயே போயிரு லா. இங்க கெடந்து செத்தா யாரு கேக்கப் போறா?”

“நான் போயிட்டா பிள்ளைங்களுக்கு யாரு ஊசி போடுவா? நீங்க லோரிய நிறுத்திட்டு வந்து போடுறீங்களா?”

அப்பா லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னம்மா போனில், “இங்க ஆள் எடுக்குறாங்கக்கா” என்று ஆரம்பிப்பார். அம்மா, “சாப்பிட்டியா?” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இப்படி இருக்கையில்தான் கோயில் தலைவர் வீடு தேடி வந்தார். தனியாளாக நின்று ஊரைக் காப்பாற்றும் மிஸ்ஸிக்கு இந்த வருடம் சிறப்புச் செய்யப் போகிறார்களாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று எனக்கு அப்போது தெரியுமா? தலைகால் புரியாமல் குதித்தேன். அம்மா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “டத்தோ வர்றாரா?” என்று கேட்டார். டத்தோ என்று அரசாங்கப் பட்டம் வாங்கிய, மேலிடத்தில் செல்வாக்குள்ள அந்தப் பிரமுகர்தான் ஒவ்வொரு வருடமும் சிறப்பு விருந்தினர்.

“கண்டிப்பா வர்றாரும்மா.”

“அப்ப நானும் வர்றேன்.”

வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். பச்சைப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அம்மா கிளினிக்கிலிருந்து நேராகச் சீருடையோடு வந்தார். டத்தோ பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“நம்ம மிஸ்ஸி ஒரே ஆளா மூணு பேர் வேலைய செய்றாங்க. இதுதான் தமிழச்சி! பெரிய கைத்தட்டல் குடுங்க!”

கூட்டம் கைதட்டியது. நான் கை சிவக்கத் தட்டினேன். மைக் அம்மா கைக்கு வந்தது.

“தட்டினது போதும். ஒருத்தி மூணு பேர் வேல செய்றான்னு சந்தோசப்படுறீங்க. மத்த ரெண்டு பேரு ஏன் போனாங்கன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? போன வாரம் மாசமா இருக்கிற பொண்ணு ஒண்ணு காலையிலேருந்து உக்காந்திருந்து மயங்கி விழுந்துச்சு. நான் உள்ள ஒரு பிள்ளைக்கு ஊசி போட்டுட்டு இருந்தேன். நாளைக்கு விழப்போறது உங்க வீட்டுப் பொண்ணா இருக்கும்.”

தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து டத்தோ கையில் வைத்தார்.

“இத நீங்களே வச்சிருங்க டத்தோ. புது மிஸ்ஸிங்களக் கூட்டிட்டு வந்து அவங்களுக்குப் போர்த்துங்க.”

கோயில் தலைவரின் முகம் செத்துவிட்டது. டத்தோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மேல பேசுறேம்மா. எத்தன பேரு வேணும்?”

“மூணு பேரு.”

கணக்கில் நான் வகுப்பிலேயே முதல். அம்மா சபையில் தப்பாகச் சொல்லிவிட்டாரே என்று பதறி எழுந்து கத்தினேன். “ரெண்டும்மா! ரெண்டு பேருதான்!”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், “அலாமாக்! மூணு கேட்டாத்தான் ரெண்டாவது கெடைக்கும்!” என்றார். டத்தோவும் நிம்மதியாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு டத்தோவைப் பார்த்து, “மூணு” என்றார்.

அந்த வருடக் கடைசியில் இரண்டு மிஸ்ஸிகள் வந்தார்கள். இருவருக்கும் வேலை பழக்கிக்கொடுத்துவிட்டு அம்மா சிங்கப்பூருக்குப் போனார். திருவிழாவுக்கு முந்தின ஞாயிறே அவர் சின்னம்மாவிடம் சரி சொல்லியிருந்தாராம். மூன்றாவது ஆள் கடைசிவரை வரவில்லை.

ஊரை நட்டாற்றில் விட்டுப் போனவள் என்று இன்றும் அவரைச் சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்கே போவேன். என் அம்மா சொல்லாமல் போகவில்லை. சாமி முன்னால், சபை நடுவில், மைக்கில் இரண்டு தடவை சொன்னார். சிரித்தது நீங்கள். உடம்பில் உயிர் மிச்சமிருக்கும்போதே அவர் போனதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஆனால் அன்று மாலை எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? வீடு திரும்பும் வழியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக விளக்கினேன்.

“மொத்தம் மூணு பேரு. ரெண்டு பேரு போயிட்டாங்க. அப்ப ரெண்டுதானேம்மா கேக்கணும்? நீங்கதான் இருக்கீங்களே.”

“ரொம்பக் கெட்டிக்காரி நீ” என்றார் அம்மா. அம்மாவுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்ட பெருமையில் பாடிக்கொண்டே நடந்தேன். கணக்கு சரி என்று அவர் சொல்லவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.