தாளிக்காத எண்ணெய்

மிக்கேல் ஒரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பான். மனசுக்குப் பிடித்தால்தான் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் புட்டியைக் கிண்ணத்தில் சாய்ப்பான். அதற்குள் பூண்டும் கல்லுப்பும் அம்மியில் நசுங்கிக் காத்திருக்கும். மிளகை ஒன்றிரண்டாகத் தட்டுவான். புளிப்புக்கு நாலு சொட்டு காடி விடுவான். கற்பூரவல்லியை நறுக்கமாட்டான், கிள்ளித்தான் போடுவான். "கத்தி பட்டா எல கோச்சுக்கும்" என்பான்.

முதலியார்பேட்டையில் காலையில் சைக்கிளில் ரொட்டி போடுகிறவன் அவன்தான். பல் போனவர் வீட்டுக்கு மெத்தென்று வெந்தது, புதுசாகக் கல்யாணமான வீட்டுக்கு ஓரம் முறுகினது என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பான். அதற்கு முன் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றின் சமையல்கட்டில் இருந்தவன். அங்கே ஒட்டிக்கொண்டதுதான் இந்த ஒலிவ எண்ணெய். பீடி, சாராயம் எதுவும் ஒட்டவில்லை என்பதை அக்கா புஷ்பமேரி தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

வெளியில்தான் பெருமை. வீட்டில் திட்டு.

"அடுப்பு எதுக்குடா இருக்கு? ரெண்டு கடுகாவது தாளிச்சுக் கொட்டுறனே."

"நெருப்பக் காட்டுனா செத்துரும்க்கா."

"பச்ச எண்ணெயத் தின்னுறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அது வெறும் கேலி அல்ல. 'கப்பல்ல என்னென்ன பழகினானோ' என்று இரண்டு சம்பந்தம் ஏற்கனவே தட்டிப்போயிருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்துச் சவரிராயன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். அவர் மகள் லூர்துசெல்வியைக் கோயில் திருவிழாவில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மிக்கேல் வேறு பெண் பேச்சையே எடுக்க விடவில்லை.

அக்கா கேசரியும் வடையும் செய்து அடுக்கியிருந்தாள். அவள் காப்பி எடுத்துவர உள்ளே போன நேரம் பார்த்து, மிக்கேல் ரொட்டியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

"இது என்னா எண்ண, தம்பி?"

"ஒலிவ எண்ணங்க."

சவரிராயன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் அறிந்த ஒலிவ எண்ணெய் ஒன்றே ஒன்று: சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் பூசுவது.

"அவஸ்த பூசுற எண்ணெயவா சாப்பாட்டுல வச்சிருக்க?"

அக்கா காப்பித் தம்ளர்களோடு உள்கட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூன்றாவதும் போயிற்று என்றே நினைத்தாள்.

மிக்கேல் பதறவில்லை. "அது பெரிய சாமியார், மேற்றிராணியார் மந்திரிச்சது. இது வெறும் எண்ண. கோயில்ல நாம நாக்குல வாங்குற நன்மை அப்பமும் கோதுமதான மாமா? அதுக்காக ரொட்டி வாணாம்னா சொல்றோம்?"

'மாமா' தானாக வந்துவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

சவரிராயன் யோசித்தார். ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்தார். பயந்து பயந்து தொட்டு வாயில் போட்டார். மென்றார். அடுத்த விள்ளலை நன்றாகவே முக்கினார்.

"பூண்டு தூக்கலா இருக்கு."

"கொறச்சுக்கலாங்க."

"எதுக்குக் கொறைக்கிற? செல்விக்குப் பூண்டுன்னா உசுரு." தோள் துண்டை எடுத்து மடியில் விரித்தார். "பாதி ரொட்டி இதுல வையி. எண்ணெய ஒரு குப்பில ஊத்திக் குடு. அதுவும் தின்னு பாக்கட்டும்."

மிக்கேல் ரொட்டியைப் பிட்டு வைத்தான். குப்பியில் ஊற்றி, தக்கையை அழுத்தி மூடினான். பிறகு, அக்கா அன்று காலையில்தான் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டையில் இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டான்.