தொட்டிக்கு அடியில் வைத்த சில்லு

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன். வாளிக்குள் மூன்று தங்கமீன்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் செல்போனுக்குள் என் மகன். வேறு யாரும் இல்லை. மாதாந்திர மின்தடை நாள் என்பதால் விசைத்தறி ஓடவில்லை. ஓடியிருந்தால் நானும் இருந்திருக்க மாட்டேன்.

மகன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டபோது நாலு பேர் முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்போடு தறிக்கு வந்தவன் நான். படிப்பை விட்டவன் என்ன ஆவான் என்ற பயத்தில் வந்த வார்த்தை அது. அவனுக்கு அது பயமாகக் கேட்கவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் தவணைக்கு வாங்கியிருந்த மீன்தொட்டி மட்டும் இங்கே நின்றது. தவணையை நான் கட்டிவந்தேன்.

தினமும் சாயங்காலம் அவன் அம்மாவை வீடியோ காலில் கூப்பிடுவான். "எம்மா, மீனக் காட்டு" என்பான். அவள் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடிப்பாள். நான் தொட்டியை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். என் தோளாவது காதாவது அதில் விழட்டும் என்றுதான். என்னிடம் அவன் பேசியதில்லை. ஒருநாள் மட்டும், "அந்தப் பக்கம் மறைக்கு" என்று அம்மாவிடம் சொன்னான். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைக் கவனித்ததிலிருந்து உறக்கம் போயிற்று. எங்கள் வீட்டுத் தரை அப்படி, மட்டம் கிடையாது. தறி ஆடினால் அதன் காலடியில் மரச்சில்லைச் செருகி ஆட்டத்தை நிறுத்துவோம். கை பழகிய வேலை. மேசைக்கும் தொட்டிக்கும் நடுவில், தாழ்ந்த மூலையில் ஒரு சில்லைத் தட்டி ஏற்றினேன். தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. மனசும் வந்தது. அதே மூலையில் கொஞ்ச நாளில் முடி மாதிரி ஒரு விரிசல் கிளம்பித் தண்ணீர் கசிந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மின்தடை நாள் காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற வளர்ப்பு மீன்கடைக்குப் போனேன். தொட்டியைத் தவணைக்குக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். இது கண்ணாடி இல்லை, அக்ரிலிக், கண்ணாடிக்குப் பூசுகிற பசை இதில் பிடிக்காது என்றார். தண்ணீர் போலவே இருக்கிற ஒரு மருந்தைச் சின்ன பாட்டிலில் தந்தார். ஊசியால் விரிசல் ஓரத்தில் விட்டால் தானே உள்ளே ஓடிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தொட்டியைக் காலிசெய்து துடைத்துக் காயவைத்தோம். நான் ஊசியைப் பிடிக்க, மச்சான் செல்போன் டார்ச்சை அடித்தார். "என்ன டாக்டரே, பொழைச்சிருமா?" என்றார். என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. மருந்து விரிசலுக்குள் ஓடி, வெள்ளையாகத் தெரிந்த கோடு மறைந்தது. தொட்டியைத் தூக்கி மேசையில் வைத்து, மறக்காமல் சில்லையும் பழைய இடத்தில் செருகினேன்.

மத்தியானத்துக்கு மேல் வாளியில் ஒரு மீன் சாய ஆரம்பித்தது. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. சாயங்காலம் நெருங்கியது. அவன் கூப்பிடுவான். வாளியை மேலேயிருந்து காட்டினால் மீனின் முதுகுதான் தெரியும். விரிசல் இருந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பிடித்த மாதிரிதான் இருந்தது. திரும்பவும் அழுத்திப் பார்த்தேன்.

"மாப்ள, கடைக்காரர் ரெண்டு நாள்னு சொன்னார்லா. அத நோண்டாம இரும்" என்று மச்சான் சொல்லிப்பார்த்தார். பாதித் தொட்டிதானே என்று ஊற்றிவிட்டேன். கசியவில்லை. மீன்களையும் விட்டேன்.

போன் வந்தது. மீன்களைக் காட்டினாள். அவன் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்பா, தொட்டிக்கு அடியில என்னது அது?"

அம்மா என்று சொல்லவில்லை. அப்பா என்றான். சில்லு என்றேன், ஆடாமல் இருக்க வைத்திருக்கிறேன் என்றேன்.

"அத எடுத்திருங்க. ஒரு மூலையில முட்டுக் கொடுத்தா வெடிச்சிரும்."

தண்ணீரை இறைத்துவிட்டு எடுத்திருக்கலாம். நாளைக்கு எடுத்திருக்கலாம். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு கையால் தொட்டியை நெம்பி மறுகையால் சில்லை உருவிவிட்டேன். மூலை டொக்கென்று இறங்கியது. காலையில் மறைந்த கோடு மேலே வரைக்கும் ஓடிப் பிளந்தது. தண்ணீர் என் மடியில் கொட்டித் தரையெல்லாம் பரவியது. என் மனைவி போனை நாற்காலியில் போட்டுவிட்டுத் துள்ளிய மீன்களைப் பொறுக்கினாள். போன் மோட்டுக் கூரையைப் பார்த்துக் கிடந்தது. அதிலிருந்து அவன் குரல் வந்தது.

"சரி, விடுங்க. இனி தொட்டி வேண்டாம்."

திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் வாளியில் மூன்று மீனும் மிதந்தன. அதன்பிறகு சாயங்காலப் போன் இல்லை. மாதத்துக்கு ஒருதரம் கூப்பிடுகிறான், முகம் இல்லாமல் குரல் மட்டும். கடையில் அவன் பேரில் பாக்கி நிற்பதால், "தொட்டிக் காசு அடஞ்சிட்டா?" என்று அம்மாவிடம் அதை மட்டும் கேட்கிறான். அப்பா கட்டிக்கிட்டு இருக்காவ என்கிறாள். சரி என்று வைத்துவிடுகிறான். நான் பக்கத்தில் இருந்து அந்தச் சரியைக் கேட்கிறேன்.

தொட்டியில் இப்போது பழந்துணி கிடக்கிறது. மொத்தமாகக் கட்டினால் பாக்கியில் கொஞ்சம் கழித்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். போனஸ் பணம் வீட்டில்தான் இருக்கிறது. கையில் இல்லை என்று சொல்லி இந்த மாதமும் நூறு ரூபாய்தான் கொடுத்தேன். இன்னும் ஆயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.